சம்பளம் வராத 15ஆம் திகதி: ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்தவர்களின் கதை

2007 ஒக்டோபர் 15. ஜப்பானில் 'நோவா' என்ற ஆங்கிலப் பேச்சுப் பள்ளியில் வேலை செய்த ஏறத்தாழ 4,000 வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அன்று சம்பள நாள். சம்பளம் வரவில்லை. 19ஆம் திகதி வரும் என்று சொன்னார்கள். 19ஆம் திகதியும் வரவில்லை. கொம்பனித் தலைவர் நொசொமு சஹாஷி நேரில் வந்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கிளைகளுக்கு ஃபக்ஸ் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார்: கொஞ்சம் பொறுங்கோ, காசு வருது, பெரிய முதலீட்டாளரோடு கதைச்சுக்கொண்டிருக்கிறம் என்கிற பாணியில். பத்து நாளில் கொம்பனியே விழுந்தது.

ஜப்பானில் படிப்பித்த வெள்ளைக்கார ஆசிரியர்களின் சம்பளப் பிரச்சினையை நாங்கள் ஏன் வாசிக்க வேண்டும்? இந்தத் தலைப்பை எடுத்தபோது கம்பஸில் ஒரு நண்பன் இதையேதான் கேட்டான். எங்கட மனதில் 'வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர்' என்றால் வசதியான ஆள். ஒரு வருசம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். தொழிலாளி என்ற சொல்லை நாங்கள் அவருக்குப் பாவிப்பதில்லை. அவர்களில் பலரும் தங்களை அப்படி நினைத்ததில்லை. சம்பளம் நின்ற அன்றைக்குத்தான் தெரிந்தது, தாங்களும் கூலிக்கு வேலை செய்கிற ஆட்கள்தான் என்று. அந்த நாளுக்குப் பிறகு அவர்கள் என்ன செய்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதற்கு முதல் ஒரு நூறு வருசம் பின்னால் போகவேண்டும்.

மெய்ஜி காலத்து ஜப்பான் அரசு மேற்கத்தேய அறிவை விலைக்கு வாங்கியது. பொறியியலாளர், மருத்துவர், சட்ட வல்லுநர், ஆசிரியர் என்று ஆயிரக்கணக்கான வெளிநாட்டவரை ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். 'ஒயாதொய் கைகொகுஜின்' என்று பெயர். கூலிக்கு அமர்த்தப்பட்ட வெளிநாட்டவர் என்று சொல்லலாம். சம்பளம் கொள்ளை. உள்ளூர் ஆட்களோடு ஒப்பிடவே முடியாத அளவு. ஆனால் அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் ஒரு திட்டம் இருந்தது: இந்த ஆட்களிடம் படித்துக்கொள், கெட்டிக்கார மாணவரை ஐரோப்பாவுக்கு அனுப்பு, அவர்கள் திரும்பி வந்ததும் வெளிநாட்டவரை அனுப்பிவிடு. ஒரு காலனித்துவ நாடாகப் போகாமல் தப்புவதற்கு ஜப்பான் கண்ட வழி அது. அரசியலாகப் பார்த்தால் கெட்டித்தனம் என்றே சொல்வேன். ஆனால் அந்தத் திட்டத்துக்குள் அகப்பட்ட தனி மனிதருக்கு அது வேறு மாதிரி இருக்கும்.

லஃப்காடியோ ஹேர்ண் அப்படி அகப்பட்ட ஒருவர். ஐரிஷ் தகப்பன், கிரேக்கத் தாய். அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர். 1890இல் ஜப்பான் வந்து மட்சுயே என்ற சின்ன நகரத்தில் ஆங்கில ஆசிரியரானார். மாதம் 100 யென். அடுத்த வருசம் குமமொதோவில் உயர்தரப் பள்ளி ஒன்றில் 200 யென். 1896இல் தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளர்; 400 யென். ஜப்பானியப் பேய்க்கதைகளை உலகத்துக்கு எழுதிக் காட்டிய ஹேர்ணைத்தான் பலருக்குத் தெரியும். சம்பளத்தைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்ட ஹேர்ண் அவ்வளவு பிரபலமில்லை.

கவலைக்குக் காரணம் இருந்தது. அவர் கொய்சுமி செட்சு என்ற ஜப்பானியப் பெண்ணைக் கலியாணம் செய்திருந்தார். அன்றைய சட்டப்படி செட்சு பிரித்தானியப் பிரஜையின் மனைவியாகப் பதிவு செய்தால் ஜப்பானியக் குடியுரிமையை இழப்பார். ஹேர்ண் வெளிநாட்டவராகவே செத்தால் மனைவி பிள்ளைகளுக்குச் சொத்துரிமைச் சிக்கல். ஆகவே 1896இல் அவரே ஜப்பானியப் பிரஜை ஆனார். கொய்சுமி யகுமோ என்று பெயரை மாற்றினார். அங்கேதான் பொறி. வெளிநாட்டவருக்கு வெளிநாட்டவர் சம்பளம், ஜப்பானியருக்கு ஜப்பானியர் சம்பளம். ஜப்பானியர் ஆகிவிட்ட ஹேர்ணுக்கு எது? வேலைக்கு எடுத்த பீடாதிபதி தொயாமா மசகசு இருந்தவரை பழைய சம்பளமே கிடைத்தது. தொயாமா 1900இல் இறந்துபோனார். பிறகு ஹேர்ணுக்காகக் கதைக்கப் பெரிய இடத்தில் ஆளில்லை. நீண்ட விடுமுறை கேட்டார், கிடைக்கவில்லை.

1903 தொடக்கத்தில் பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பியது: மார்ச் மாத முடிவோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. மாணவர்கள் கொதித்துப்போனார்கள். எதிர்ப்புக் கூட்டம் நடந்தது. பல்கலைக்கழகம் கொஞ்சம் இறங்கி வந்தது; குறைந்த நேரம், குறைந்த சம்பளம், இருந்துகொள்ளுங்கோ என்றது. ஹேர்ண் மறுத்தார். வெளியேறினார். அடுத்த வருசம் வசேதாவில் படிப்பிக்கத் தொடங்கி, 1904 செப்டெம்பரில் 54 வயதில் மாரடைப்பில் இறந்தார்.

அவருடைய இடத்துக்கு வந்த மூன்று பேரில் ஒருவர் நட்சுமே சொசெகி. பின்னாளில் ஜப்பானின் பெரிய நாவலாசிரியர். அரசாங்கமே 1900இல் லண்டனுக்கு அனுப்பிப் படிப்பித்து எடுத்த ஆள். அவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த சம்பளம் வருசத்துக்கு 800 யென். ஹேர்ணுக்கு இரண்டு மாதத்தில் கிடைத்த தொகை அது. (வேலைநேரம் ஒரே அளவில்லை என்பதையும் சொல்லவேண்டும், ஹேர்ணின் பாடங்களை மூன்றாகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள்.) இன்னொரு உயர்தரப் பள்ளியிலும் படிப்பித்துத்தான் சொசெகி வீட்டைக் கொண்டுபோனார். இதே சொசெகி 1895இல் மட்சுயாமா என்ற ஊரில் வெளிநாட்டு ஆசிரியர் ஒருவரின் இடத்துக்குப் போனபோது 80 யென் வாங்கினார். அந்தப் பள்ளி அதிபருக்கு 60. வெளிநாட்டவரின் கதிரையில் இருந்ததால் அதிபரைவிடக் கூடச் சம்பளம்! 1907இல் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு மாதம் 200 யெனுக்கு அசாஹி பத்திரிகையில் எழுதப் போய்விட்டார். படிப்பிக்கிறதைவிட எழுதினால் கூடக் காசு வந்த காலமும் உலகத்தில் இருந்திருக்கிறது.

ஹேர்ணைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை நன்றிகெட்ட பல்கலைக்கழகம், புண்பட்ட கலைஞன் என்ற கதையாகவே சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. ஒரே வேலைக்கு ஆளின் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சம்பளம் போடுகிற முறை இருந்தது. அது ஹேர்ணுக்குச் சாதகமாக இருந்த காலத்தில் அவருக்குப் பிரச்சினை இல்லை. பாஸ்போர்ட் மாறியதும் அதே முறை அவர் கழுத்தைப் பிடித்தது. சொசெகிக்கும் ஹேர்ணுக்கும் ஒரே தட்டில் சம்பளம் கேட்க அன்று ஒரு சங்கமும் இல்லை, ஒரு சட்டமும் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு நல்ல பீடாதிபதி. அவர் செத்ததும் அதுவும் போச்சு.

சட்டம் வந்தது போருக்குப் பிறகு. 1947இன் தொழில் நியமங்கள் சட்டம். அதன் 3ஆம் பிரிவு தேசியத்தைக் காரணம் காட்டிச் சம்பளத்தில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 24ஆம் பிரிவு சம்பளத்தை நேரடியாக, முழுதாக, மாதம் ஒருமுறையாவது, குறித்த திகதியில் கொடுக்கவேண்டும் என்கிறது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு தொழிலாளர் ஒன்றுசேரவும், பேரம் பேசவும், கூட்டாகச் செயற்படவும் உரிமை கொடுக்கிறது. இவை வெளிநாட்டவருக்கும் பொருந்தும். எழுத்தில் பார்த்தால் ஹேர்ணின் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது.

இனி நோவா. சஹாஷி வெளிநாட்டு நண்பர்களோடு சேர்ந்து 1981இல் ஒசாகாவில் தொடங்கியது. ஜப்பானியர் பள்ளியில் வருசக்கணக்காக ஆங்கிலம் படித்தும் வாய் திறந்து கதைக்கக் கூச்சப்படுகிற ஆட்கள். (இந்த வரியை வாசித்துச் சிரிக்க எங்களுக்கு உரிமை இல்லை.) அந்தக் கூச்சத்தின் மேல் எழும்பிய தொழில்தான் 'எய்காய்வா', ஆங்கில உரையாடல் பள்ளி. நோவாவின் விளம்பர வாசகத்தின் கருத்து, புகையிரத நிலையத்துக்கு முன்னாலேயே வெளிநாட்டுப் படிப்பு. உண்மையிலேயே நிலையத்தடியில் கிளை இருக்கும். உள்ளே போனால் ஒரு கனடாக்காரரோ அவுஸ்திரேலியரோ இருப்பார். பறவைச் சொண்டு வைத்த இளஞ்சிவப்பு முயல்தான் சின்னம். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த முயல். உச்சத்தில் கிட்டத்தட்ட ஆயிரம் கிளைகள், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். நாட்டிலேயே மிகப் பெரியது.

எப்படி இவ்வளவு வேகமாக வளர்ந்தது? முன்பணத்தால். மாணவர் பாடங்களைப் 'புள்ளி'களாக மொத்தமாக வாங்கவேண்டும். 600 புள்ளி ஒரேயடியாக வாங்கினால் ஒரு புள்ளி மலிவு. கொஞ்சமாக வாங்கினால் விலை கூட. வந்த முன்பணத்தில் புதுக் கிளை, புது விளம்பரம். அதனால் இன்னும் மாணவர், இன்னும் முன்பணம். இடையில் நிறுத்திக் காசைத் திருப்பிக் கேட்டால் ஒரு தந்திரம் செய்தார்கள். பாவித்த பாடங்களை நீங்கள் வாங்கிய மலிவு விலையில் கணக்கிடாமல், சில்லறை விலையில் கணக்கிட்டார்கள். திரும்பி வருகிற தொகை சுருங்கிவிடும். ஒரு மாணவர் வழக்குப் போட, 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கு முறை சட்டவிரோதம் என்று தீர்த்தது. ஜூனில் பொருளாதார, வர்த்தக, கைத்தொழில் அமைச்சு ஒரு வருசத்துக்கு மேற்பட்ட புது ஒப்பந்தங்களை ஆறு மாதத்துக்கு நிறுத்தும்படி கட்டளையிட்டது. பத்திரிகையில் செய்தி வந்ததும் மாணவர்கள் காசைத் திருப்பிக் கேட்டு வரிசையில் நின்றார்கள். புது முன்பணம் இல்லை, பழைய முன்பணம் செலவழிந்துபோச்சு. கோல்டன் கீ விழுந்த 2008ஐ ஞாபகம் வைத்திருக்கிற வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆசிரியர்களின் நிலை விழுவதற்கு முந்தியே நல்லாயிருக்கவில்லை. ஒப்பந்த வேலைநேரத்தை வாரம் 30 மணித்தியாலத்துக்குச் சற்றே குறைவாக எழுதினார்கள். முழுநேர ஆளின் முக்கால்வாசி நேரம் வேலை செய்தால் சுகாதாரக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் சேர்க்கவேண்டும் என்ற விதியைத் தாண்டுவதற்கான வழி அது. பாடத்துக்கும் பாடத்துக்கும் நடுவில் மாணவர் கோப்பைப் புரட்டுகிற நிமிடங்கள் கணக்கில் வராது. பள்ளிக்கு வெளியே மாணவரோடு பழகக்கூடாது என்று இன்னொரு விதி. 2004இல் ஒசாகா சட்டத்தரணிகள் சங்கம் அது மனித உரிமை மீறல் என்று சொன்ன பிறகும் கொம்பனி அலட்டிக்கொள்ளவில்லை. வீடும் கொம்பனி ஒழுங்குசெய்த வீடுதான். வாடகையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்கள்.

அந்த வாடகைதான் 2007 இலையுதிர் காலத்தில் பெரிய இடி. கொம்பனி ஆசிரியரின் சம்பளத்தில் வாடகையைக் கழித்தது, வீட்டுக்காரருக்குக் கொடுக்கவில்லை. முதலில் ஜப்பானிய ஊழியர்களின் சம்பளம் பிந்தியது, பிறகு வெளிநாட்டு ஆசிரியர்களின் சம்பளம் பிந்தியது, ஒக்டோபரில் ஒன்றுமே வரவில்லை. அதே நேரம் கதவில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவித்தல். தன் சம்பளத்தில் ஏற்கெனவே கழிக்கப்பட்ட வாடகைக்காக ஒரு ஆள் வீதிக்கு வரவேண்டிய நிலை. நாட்டுக்கு வந்து இரண்டே மாதமான, 22, 23 வயது ஆட்கள்; ஜப்பானிய மொழியும் தெரியாது.

ஒக்டோபர் 26 அன்று நோவா ஒசாகா மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுத்தது. அதற்கு முதல்நாள் இரவு பணிப்பாளர் சபை சஹாஷியை நீக்கியிருந்தது. கடன் ஏறத்தாழ 43.9 பில்லியன் யென். நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகள் சில நாட்களில் தலைவரின் அலுவலக அறையை ஊடகங்களுக்குத் திறந்து காட்டினார்கள்: உள்ளே படுக்கையறை, சோனா, தேநீர் அறை. சம்பளம் வராத ஆசிரியர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

சரி, ஒரு ஆசிரியர் என்ன செய்யலாம்? சாதாரண காலத்தில் ஜப்பானில் வழி இருக்கிறது, அதுவும் படிப்படியாக. முதலில் 'நைய்யோ ஷோமெய்' என்ற தபால். ஒரே கடிதத்தை மூன்று பிரதி எழுதித் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஒன்றை முதலாளிக்கு அனுப்பி, ஒன்றைத் தாங்கள் வைத்து, ஒன்றை உங்களிடம் தருவார்கள். இன்ன திகதியில் இன்ன வாசகத்தோடு கடிதம் போனது என்பதற்குத் தபால் நிலையமே சாட்சி. கிடைக்கவில்லை, அப்படி எழுதவில்லை என்ற கதைக்கே இடமில்லை. எங்கட பதிவுத் தபால் கடிதம் போனதற்குச் சாட்சி சொல்லும், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லாது. அடுத்தது தொழில் நியமங்கள் பரிசோதனை அலுவலகத்தில் முறைப்பாடு. அதுவும் சரிவராவிட்டால் 6 இலட்சம் யென்னுக்கு உட்பட்ட கோரிக்கைகளுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம். பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். 2006இலிருந்து தொழில் தகராறுகளுக்கென்றே மூன்று அமர்வுக்குள் முடிக்கிற நடுவர் முறையும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இவ்வளவும் பலிக்க ஒரு நிபந்தனை இருக்கிறது: எதிராளியிடம் காசு இருக்கவேண்டும். நோவாவிடம் இல்லை. தீர்ப்பை எடுத்து என்ன செய்யிறது? வங்குரோத்தான கொம்பனிக்கு எதிரான தீர்ப்பைக் கண்ணாடி போட்டுச் சுவரில மாட்டலாம்.

இங்கேதான் இரண்டு விசயம் உதவியது. ஒன்று சங்கம். ஒசாகாவில் 1991இல் தொடங்கிய 'ஜெனரல் யூனியன்', தோக்கியோவில் 'நம்பு'. இரண்டும் வெளிநாட்டு ஆசிரியர்களை வருசக்கணக்காகச் சேர்த்துவந்த சங்கங்கள். நோவாவில் பெரும்பான்மை ஆசிரியர்கள் அதில் சேரவில்லை. ஒரு வருசம் இருக்கப்போகிறோம், எதற்குச் சந்தா என்று இருந்தார்கள். சம்பளம் நின்ற வாரத்தில் அந்தச் சங்கங்களின் தொலைபேசி ஓயவில்லை. பரிசோதனை அலுவலகத்துக்குக் கூட்டாகப் போனார்கள், ஊடகங்களைக் கூப்பிட்டார்கள், எந்தப் படிவத்தை எங்கே கொடுக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார்கள். 'சாப்பாட்டுக்குப் பாடம்' என்றொரு ஏற்பாடும் வந்தது: மாணவர் ஆசிரியருக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பார், ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுப்பார். பள்ளிக்கு வெளியே சந்திக்கவே கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த அதே இரண்டு தரப்பு. இரண்டு பேரும் ஒரே கொம்பனியிடம் ஏமாந்தவர்கள். குவான்டாஸ் விமான சேவை ஊர் திரும்பும் அவுஸ்திரேலியர்களுக்கு மலிவு டிக்கெட் கொடுத்தது. போகிறவர்கள் போனார்கள்.

மற்றது அரசின் நிதியம். 1976இல் ஜப்பான் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கொம்பனி விழுந்தால், கொடுக்காமல் விட்ட சம்பளத்தின் 80 சதவீதத்தை அரச அமைப்பு ஒன்று முதலில் தொழிலாளிக்குக் கொடுக்கும். பிறகு கொம்பனியின் மிச்சச் சொத்திலிருந்து அறவிட்டுக்கொள்ளும். 30 வயதுக்குக் கீழானவருக்கு அதிகபட்சம் 8 இலட்சத்து 80 ஆயிரம் யென். இதற்கான காசு எங்கிருந்து? எல்லா முதலாளிகளும் விபத்துக் காப்புறுதிக்காகக் கட்டுகிற பணத்திலிருந்து. அதாவது ஒரு முதலாளி ஓடினால் மற்ற முதலாளிகள் எல்லாரும் சேர்ந்து கட்டுகிறார்கள். இந்தக் கதை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான், சினிமாத்தனம் ஒன்றுமில்லாத இந்தச் சட்டம். நோவா ஆசிரியர்கள் பலருக்குக் கைக்குக் காசு வந்ததென்றால் இதனால்தான் வந்தது. ஒரு சிக்கல்: வேலையை விட்டு விலகியவருக்குத்தான் கொடுப்பார்கள். இருந்து பார்ப்போம், கொம்பனி எழும்பும் என்று நம்பிக் காத்திருந்தவர் காத்திருந்ததற்காகவே பிந்தினார்.

வீசா விசயத்தையும் சொல்லவேண்டும். ஜப்பானில் இந்த ஆசிரியர்களின் வதிவிட அனுமதி ஒரு வகைத் தொழிலுக்கு உரியது. ஒரு முதலாளிக்கு உரியதல்ல. நோவா விழுந்தாலும் அனுமதிக் காலம் முடியும்வரை இன்னொரு பள்ளியில் சேரலாம். பக்கத்தில் தென் கொரியாவில் அப்படியில்லை. அங்கே 'ஹக்வோன்' என்ற தனியார் வகுப்பு நிலையங்களில் படிப்பிக்கிறவரின் வீசா அழைத்த நிலையத்தோடு கட்டுண்டது. இடையில் மாறுவதற்குப் பழைய முதலாளியின் விடுவிப்புக் கடிதம் கேட்பார்கள். சம்பளம் தராத ஆளிடமே போய்க் கடிதம் கேட்கவேண்டும்! வளைகுடாவில் வீட்டு வேலைக்கும் சாரதி வேலைக்கும் போன எங்கட ஆட்களுக்கு 'கஃபாலா' என்ற பெயரில் இதே கட்டு இன்னும் இறுக்கமாக இருந்தது. ஒரு வெள்ளைக்கார ஆசிரியரையும் மட்டக்களப்பிலிருந்து போன ஒரு அக்காவையும் ஒரே நிலையில் வைக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். முன்னவருக்குத் தூதரகம் இணையத்தில் வழிகாட்டி போடும், விமானக் கொம்பனி விலை குறைக்கும், உலகப் பத்திரிகை எழுதும். பின்னவரின் பாஸ்போர்ட் எசமானின் அலுமாரிக்குள் இருக்கும். ஆனால் கயிறு ஒரே கயிறு.

நோவாவின் ஒரு பகுதியை நவம்பரில் 'ஜி கொமியூனிகேஷன்' என்ற நாகோயாக் கொம்பனி எடுத்து நடத்தத் தொடங்கியது. சஹாஷி 2008 ஜூனில் கைதானார். ஊழியர்களின் சேமநல நிதியிலிருந்து 320 மில்லியன் யென்னை எடுத்து மாணவர்களுக்குத் திருப்பிக்கொடுக்கும் பணத்துக்குப் பாவித்தார் என்பது குற்றச்சாட்டு. 2009இல் மூன்றரை வருசச் சிறை. மேன்முறையீட்டில் 2010இல் இரண்டு வருசமாகக் குறைந்தது. அதனால் ஆசிரியர் ஒருவருக்கும் ஒரு யென் கூடக் கிடைக்கவில்லை. முதலாளி சிறைக்குப் போவதும் சம்பளம் கைக்கு வருவதும் வேறு வேறு விசயங்கள்.

நோவா விழுந்து இரண்டு மாதம் ஆகவில்லை, 2007 டிசம்பர் 13, தோக்கியோவில் பெர்லிட்ஸ் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பெர்லிட்ஸ் 1878இல் அமெரிக்காவில் பிறந்த மொழிப் பள்ளி. அப்போது ஜப்பானிய பெனெசெ குழுமத்தின் கையில் இருந்தது. கோரிக்கை: அடிப்படைச் சம்பளத்தில் 4.6 சதவீத உயர்வு, ஒரு மாத போனஸ். முறைதான் வித்தியாசம். மாதக்கணக்கில் வெளியே இருந்தால் சாப்பாட்டுக்கு வழியில்லை. ஆகவே பாடம் பாடமாக வேலைநிறுத்தம். பாடம் தொடங்கச் சில நிமிடங்களுக்கு முன் 'இந்தப் பாடத்துக்கு நான் வேலைநிறுத்தம்' என்று அறிவித்தல் கொடுத்துவிட்டு எழும்பிப் போவார்கள். அடுத்த பாடத்துக்கு வந்துவிடுவார்கள். எந்தக் கிளையில், எந்த மணிக்கு, யார் எழும்புவார் என்று நிர்வாகத்துக்குத் தெரியாது. நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள், ஆயிரக்கணக்கான பாடங்கள், ஒரு வருசத்துக்குக் கிட்ட.

கொம்பனி 2008 டிசம்பரில் சங்கத்துக்கும் அதன் பொறுப்பாளர்களுக்கும் எதிராக 110 மில்லியன் யென் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. பொறுப்பாளர்கள் சாதாரண ஆசிரியர்கள். வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் கட்ட முடியாத தொகை. வேலைநிறுத்தம் அதோடு நின்றது. வழக்கின் நோக்கமும் காசல்ல, அதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டப்படியான வேலைநிறுத்தத்தால் வந்த நட்டத்துக்கு முதலாளி நட்டஈடு கேட்கமுடியாது என்று ஜப்பானியத் தொழிற்சங்கச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. என்றாலும் தீர்ப்பு வர மூன்று வருசத்துக்கு மேல் எடுத்தது. 2012 பெப்ரவரி 27 அன்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கொம்பனியின் வழக்கை முழுதாகத் தள்ளுபடி செய்தது. கொம்பனி மேன்முறையீடு போய், அந்த வருச முடிவில் சமரசத்துக்கு வந்தது: வழக்கு வாபஸ், சங்கத்துக்கு ஒரு தொகை, இனிப் பேச்சுவார்த்தை ஆங்கிலத்தில் நடத்தலாம். சங்க உறுப்பினர்களுக்கு அடிப்படைச் சம்பள உயர்வும் அதில் இருந்தது. ஐந்து வருசப் போராட்டத்தின் விலையைப் பார்க்கிறவர் தோல்வி என்று சொல்லலாம். ஆங்கிலம் விற்கிற கொம்பனியோடு ஆங்கிலத்தில் பேரம் பேசுகிற உரிமைக்கே வழக்காட வேண்டியிருந்தது என்பதை வைத்துச் சிரிக்கவும் செய்யலாம். ஆனால் பாடம் பாடமாக எழும்பிப்போவதும் வேலைநிறுத்தம்தான் என்ற தீர்ப்பு இன்று சட்டப் பதிவில் கிடக்கிறது. அடுத்தவருக்கு அதைப் பாவிக்கலாம்.

எங்கட பக்கத்தையும் ஒருக்கால் பார்ப்போம். வடக்கில் தொண்டர் ஆசிரியர்கள் வருசக்கணக்காகச் சம்பளமில்லாமல் படிப்பித்து, நிரந்தர நியமனம் கேட்டு ஆளுநர் அலுவலக வாசலில் இருந்தார்கள். மலையகத்தில் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் எடுத்தவர்களுக்கு மாதம் 6,000 ரூபா கொடுத்தார்கள். உதவியாளர் என்றால் ஆசிரியரின் சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. வகுப்பறையில் நின்றது என்னவோ ஆசிரியர்தான். ரியூட்டரிகளில் பாடம் எடுக்கிற எங்கட சீனியர்மாரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேரிடம் கையெழுத்துப்போட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கிறது என்று. வேலைக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதில்தான் பாதிச் சண்டை இருக்கிறது.

ஜப்பானிலும் சண்டை கடைசியில் பெயருக்கே வந்து நின்றது. நோவா என்ற பெயரும் அந்த இளஞ்சிவப்பு முயலும் சாகவில்லை. கைமாறி இன்றைக்கும் நிலையத்தடிகளில் இருக்கின்றன. புதிய நோவா ஆசிரியர் பலரை ஊழியர் என்று எடுக்காமல் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று எடுத்தது. ஊழியர் இல்லையென்றால் தொழில் நியமங்கள் சட்டம் பொருந்தாது; சம்பளத்தோடு விடுமுறை இல்லை, சுகாதாரக் காப்புறுதி இல்லை. அப்படி வேலை செய்த சில ஆசிரியர்கள் ஜெனரல் யூனியனோடு சேர்ந்து நாகோயாவில் வழக்குப் போட்டார்கள். நேர அட்டவணை கொம்பனியுடையது, பாடப் புத்தகம் கொம்பனியுடையது, எப்படிப் படிப்பிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் கொம்பனி. இதில் சுயாதீனம் எங்கே என்பதுதான் அவர்களின் வாதம். 2019இல் மாவட்ட நீதிமன்றமும் 2020 ஒக்டோபரில் நாகோயா உயர் நீதிமன்றமும் அவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தன.